மழையில் நனைந்த ஆட்டின் மணம்

பம்பாயில் மளிகைக் கடைக்காரர் சாமானை நிறுப்பதற்கு முன்பு காரணம் கேட்பார். எங்கள் உடன்குடிப் பக்கத்தில் யாருக்கு என்றுதான் கேட்பார்கள். ஆள் தெரிந்துவிட்டால் உபயோகத்தைக் கடைக்காரரே ஊகித்துக்கொள்வார். செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே தானியம் விற்கும் குஜராத்திக்காரரிடம் உமி நீக்காத பார்லி இருக்கிறதா என்று நான் முதன்முதலில் கேட்டபோது, அவர் தராசைத் தொடாமல், "பூஜா, பீமார், யா கோடா?" என்றார். பூசைக்கா, நோயாளிக்கா, குதிரைக்கா. பூசைக்கு ஒரு பிடி போதும். நோயாளி குடிப்பது தோல் தீட்டிய வெள்ளை பார்லி, அது மருந்துக் கடையிலேயே கிடைக்கும். எனக்கு அரை மூட்டை தேவைப்பட்டது. குதிரை என்றேன். அதற்குப் பிறகு நான் எப்போது போனாலும் குதிரையின் உடம்பை விசாரிப்பார். சுனாபட்டியில் ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு, கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவில் இடிக்கும் இடத்தில், ஒரு குதிரைக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றாகச் சாப்பிடுகிறது என்பேன். பொய்யில்லை. அந்தக் குதிரை நாங்கள் நான்கு பேர்.

நால்வரில் மூவர் தமிழர். மாட்டுங்காவில் குடியிருந்த வைத்தி, பாலக்காட்டுக்காரர், ஒரு கம்பெனியில் கணக்கு அதிகாரி. தாராவியில் தகர டின் பட்டறை வைத்திருந்த காசிம் பாய், கடையநல்லூர்க்காரர். ஃபோர்ட்டில் ஒரு பத்திரிகையின் மேஜையில் அடுத்தவர் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்த நான். நாலாவது ஆள் டொமினிக். செம்பூரின் பழைய கிராமப் பகுதியில், ஓடு வேய்ந்த சொந்த வீட்டில் பிறந்தவர். பம்பாய் நகரமாவதற்கு முன்பிருந்தே இங்கே நெல் விதைத்தவர்களின் வம்சம். கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்துவிட்டு, டிராம்பேயில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தவர். வைத்தியின் கம்பெனிக்குக் காலி டின் கொடுக்கப் போன காசிமும், தொழிற்சாலைக்கு அதில் அடைத்த பெயிண்டை வாங்க வந்த டொமினிக்கும், நிருபர் லீவு போட்ட அன்று அங்கே செய்தி கேட்கப் போன நானும் ஒரே பெஞ்சில் காத்திருந்ததில் ஆரம்பித்த பழக்கம். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் டொமினிக் வீட்டுக் கொல்லையில் கூடுவோம். நாங்கள் அங்கே செய்தது பீர் காய்ச்சுவது. பம்பாயில் குடிப்பதற்குச் சர்க்கார் பெர்மிட் உண்டு. இன்னார் தம் உடல்நலத்தைப் பேணுவதற்காகக் குடிக்கலாம் என்று அதில் போட்டிருக்கும். காய்ச்சுவதற்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஆகவே நாங்கள் அதைக் கஷாயம் என்று அழைத்தோம்.

சாதாரண பீர் என்றால் கடையில் வாங்கியிருக்கலாம். டொமினிக்குக்கு வேண்டியது வேறு. முதல் கப்பலில் போனபோது, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில், ஒரு சந்துக் கடையில் புளித்த பீர் ஒன்று கொடுத்தார்களாம். ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லையாம். காய்ச்சிய பார்லிச் சாற்றைக் கூரைக்கடியில் இரவெல்லாம் திறந்துவைத்தால், காற்றில் இருப்பது தானே வந்து இறங்கிப் புளிக்கவைக்குமாம். வீட்டு நினைவில் சோறு இறங்காமல் கிடந்த பையனுக்கு, அந்த நாட்டில் வாயில் வைத்ததில் அந்நியமாகப் படாத முதல் பொருள் அதுதான். செம்பூரில் அம்மா போட்ட தென்னங்கள் வினிகரின் ஞாபகம் வந்ததாம்.

"புளிச்சுப் போனதை உம்ம தலையில கட்டிருக்கான் வே, வெள்ளக்காரன்" என்றார் காசிம்.

எனக்கு அது நம்பக்கூடியதாகவே இருந்தது. எங்கள் ஊரில் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பனையில் கட்டினால் இறங்குவது பதநீர், தடவாமல் கட்டினால் கள். யாரும் எதையும் சேர்ப்பதில்லை. கல்லூரி விடுமுறையில் ஒருநாள் பதநீர் வாங்கி வரச் சொன்னார்கள். வழியில் கிரிக்கெட் பார்க்க நின்றுவிட்டேன். சுண்ணாம்பு குறைவாக இருந்திருக்க வேண்டும். மதியம் வீட்டுக்கு வரும்போது தூக்குவாளி மூடி தானாக எழும்பி எழும்பி அமர்ந்தது. மதுவிலக்கு அமலில் இருந்த காலம். காலையில் சட்டத்துக்கு உட்பட்ட பானத்தோடு கிளம்பியவன் உச்சிவெயிலில் குற்றவாளியாகத் திரும்பியிருந்தேன். அப்பா அதை எருக்குழியில் கொட்டினார். பாதியைத்தான் கொட்டினார் என்று பிறகு தெரிந்தது.

டொமினிக் எங்களை அவசரப்படுத்தியதற்குக் காரணம் இருந்தது. மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் கனடாவில், டொராண்டோவில் நர்ஸ். வீட்டை விற்றுவிட்டு வந்துவிடுங்கள் என்று மகள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த வருஷம் விசா வந்துவிட்டது. ஈஸ்டர் முடிந்ததும் பயணம். அதற்குள் அந்தப் புளிப்பைத் தன் கொல்லையில், எங்களோடு உட்கார்ந்து ஒருமுறை குடித்துவிட வேண்டும். கேட்டது அவ்வளவுதான். அந்த ஆசையைச் சொல்லும்போது அவர் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை என்பதால், அது பெரிய ஆசை என்று புரிந்துகொண்டோம்.

எங்கள் முதல் முயற்சி மருந்துக் கடை பார்லி. ஈரச் சாக்கில் பரப்பி முளைக்கக் காத்திருந்தோம். தோல் தீட்டியது முளைக்காது என்பது, அது அழுகி அக்கம்பக்கம் ஜன்னலைச் சாத்தும்வரை எங்களுக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகுதான் குதிரை வந்தது. முளைகட்டி, ஓட்டின்மேல் உலர்த்தி, உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, வடித்துக் கொதிக்கவைத்தோம். கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பம்பாயில் எங்கே கிடைக்கும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. காசிம் தாராவி நாட்டுமருந்துக் கடையிலிருந்து நிலவேம்பு கொண்டுவந்தார். காசிம் குடிப்பவர் அல்லர். மார்க்கத்தில் விலக்கப்பட்டது, தொடமாட்டார். வாரம் ஒருமுறை ஊர்த் தமிழில் வாய் ஓயாமல் பேசுவதற்காக வந்தார். புளிக்கவைக்கும் ஜாடிகளுக்குத் தகரத்தில் மூடியும் ரப்பர்க் குழாயும் பொருத்திக் கொடுத்தார். "மோந்து பாக்கதுக்குத் தடை ஒண்ணும் சொல்லல" என்று அவராகவே ஒரு பதவியை எடுத்துக்கொண்டார்.

எந்தக் காற்று நல்ல காற்று என்று தெரியாததால், ஆளுக்கொரு தூக்குவாளியில் சாற்றை எடுத்துக்கொண்டு ரயிலிலும் பஸ்ஸிலும் பிரிந்தோம். செம்பூர்க் கொல்லை, தாராவிப் பட்டறையின் பரண், சுனாபட்டியில் என் ஜன்னல், மாட்டுங்காவில் வைத்தி வீட்டுச் சமையலறை பால்கனி. ஓரிரவு திறந்துவைத்து, பிறகு கண்ணாடி ஜாடியில் அடைத்துவைப்பது. வைத்தியின் மனைவி விசாலம் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் சூப்பர்வைசர். அவரிடம் உண்மையைச் சொல்ல வைத்திக்குத் துணிச்சலில்லை. சிறுநீரகத்தில் கல், டாக்டர் பார்லிக் கஷாயம் குடிக்கச் சொன்னார் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருக்குத் தினமும் வாழைத்தண்டு. பொரியல், கூட்டு, மோர்ப்பச்சடி, சாறு. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்த்து அலுவலகத்தில் அவருக்கு நிஜமாகவே கல் இருப்பதாக நம்பினார்கள்.

வாரங்கள் கழித்து ஜாடிகள் கொல்லைக்கு வந்தன. காசிம் ஒவ்வொன்றாகத் திறந்து மோந்தார். செம்பூர் ஜாடியை, "ஈரச் சாக்கு" என்றார். தாராவி ஜாடிக்கு, "பக்கத்துல சோப்பு காய்ச்சுதான்லா, அவன் இங்கயும் வந்துட்டான்." என்னுடையதை மோந்துவிட்டு என் தோளைத் தொட்டார். "ஊறுகாப் பானை கழுவுன தண்ணி வே. மனசுல வச்சுக்காதீரு." மாட்டுங்கா ஜாடியில் மூக்கை வைத்தவர் எடுக்கவில்லை. கண்ணை மூடினார். பிறகு, "மழையில நனஞ்ச ஆடு" என்றார்.

வைத்தியின் முகம் தொங்கிவிட்டது. டொமினிக் என் கையைப் பிடித்து, "க்யா போலா? க்யா போலா?" என்றார். மழையில் நனைந்த ஆடு என்று என் அரைகுறை ஹிந்தியில் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "வோயிச் மேன், வோயிச்." அதேதான், அதேதான். அந்தச் சந்துக் கடையில் ஏதோ ஒரு பிராணியின் வாடை அடித்தது என்று எவ்வளவோ காலமாகச் சொல்லிவந்தார். பிராணி எதுவென்று சொல்லத் தெரியாமல் இருந்தது. ஊற்றினோம். பச்சைப் புளியங்காயின் புளிப்பு முதலில் வந்தது, பிறகு அந்த ஆடு, எல்லாம் அடங்கியதும் நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தாற்போல ஓர் இனிப்பு. சிறிய ஜாடி. ஆளுக்கு இரண்டு வாய்தான். டொமினிக் தன் பங்கை நாக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் விழுங்கவில்லை. ஆனால் இது போதாது என்றார். ஒரு கிளாஸ் நிறைய, அவசரப்படாமல் குடிக்க வேண்டும்.

அடியில் தங்கிய வண்டலை எடுத்துவைத்திருந்தால் அதைக்கொண்டே அடுத்ததைப் புளிக்கவைத்திருக்கலாம். அந்த யோசனை எனக்கு உதித்தபோது வைத்தி ஜாடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி அலசி, வெயிலில் கவிழ்த்திருந்தார். மூன்று பேர் வாயும் ஒருவர் மூக்கும் வைத்த பண்டத்தை எச்சிலோடு விட்டுவைக்க அவரால் முடியாது. பாலக்காட்டு அக்கிரகாரத்தின் சுத்தம் ஒரு நிமிஷத்தில் ஆன்ட்வெர்ப்பைக் கழுவிவிட்டது.

பரவாயில்லை, காற்றுதான் தெரிந்துவிட்டதே என்று எல்லா வாளிகளையும் மாட்டுங்கா பால்கனியில் கொண்டுபோய் வைத்தோம். பூக்கடைகளின் காற்று, பழக்கடைகளின் காற்று என்று வைத்தி தம் பேட்டையைப் புகழ ஆரம்பித்திருந்தார். நாலும் கெட்டன. காசிமுக்கு வசைகூட வரவில்லை. அதே பால்கனி, அதே குதிரைத் தீனி, அதே நிலவேம்பு. முதல் தடவை மட்டும் அந்த வாளிக்கு என்ன நேர்ந்தது? தெரிந்திருக்கக்கூடியவர் ஒருவர்தான். அவரிடம் கேட்பதென்றால் கல் இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். வைத்தி ஒருவாரம் தட்டிக்கழித்தார். டொமினிக் கொல்லையில் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன. விற்றுக்கொண்டிருந்தார். நாற்காலி இல்லாமல் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை, வைத்தி தானாகவே எழுந்து, "வாங்கோ, போகலாம். எல்லாரும் வந்தா அவ கொஞ்சம் மெதுவாப் பேசுவா" என்றார்.

மாட்டுங்கா வீட்டுக் கூடத்தில் விசாலம் எங்களுக்குக் காப்பி கொடுத்தார். காப்பி தீர்ந்தும் வைத்தி வாயைத் திறக்கவில்லை. "சாமி, நீரு சொல்லுதீரா, நான் சொல்லட்டா?" என்றார் காசிம்.

"கல்லைப் பத்தியா?" என்றார் விசாலம்.

வைத்தி டம்ளரைப் பார்த்தார்.

"கல்லடைப்புக்காரர் ஞாயித்துக்கிழமைதோறும் பாட்டுப் பாடிண்டு மாடிப்படி ஏறி நான் பார்த்ததில்லை. வாசனையும் எனக்குத் தெரியும். எங்காபீஸ் பார்ட்டிக்கு நானும் போறவளாக்கும்."

"தெரிஞ்சுண்டா தினம் வாழைத்தண்டு போட்டே?"

"பொய்க்கும் ஒரு பத்தியம் வேண்டாமா?"

காசிம் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். சிரிப்பு ஓய்ந்ததும் விஷயத்தைச் சொன்னோம். முதல் வாளியை வைத்த நாள் எது என்று விசாலம் யோசித்தார். "கிரகணத்தன்னிக்கின்னா அது. நீங்க வாளியைத் திறந்து வெச்சுட்டு ஸ்நானத்துக்குப் போனேள். நான் தயிர், ஊறுகாய், தோசைமாவு, எல்லாத்துலயும் தர்ப்பை போட்டேன். உங்க கஷாயத்துலயும் ஒரு கைப்பிடி போட்டேன். கிரகணம் விட்டதும் எடுத்து எறிஞ்சுட்டேன்."

கிரகணத்தின்போது வீட்டிலிருக்கும் பண்டங்களில் தர்ப்பைப் புல்லைப் போட்டுவைத்தால் தோஷம் அண்டாது என்பது நம் வழக்கம். இதை டொமினிக்குக்கு ஹிந்தியில் விளக்க மூவரும் ஒரே நேரத்தில் முயன்றோம். அவர் புரிந்துகொண்டது வேறு. முகம் வெளிறி விசாலத்திடம், "அடுத்த கிரகணம் எப்போது, பாபி?" என்றார். விசாலம் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். அது டொமினிக்கின் பயணத்துக்கு வெகு காலம் பின்னால் இருந்தது. டொமினிக் உட்கார்ந்துவிட்டார். வைத்தியும் அவரோடு சேர்ந்துகொண்டு, கிரகண காலத்துக் காற்றே வேறுதான் என்றார்.

"கிரகணத்தை விடும், சாமி" என்றார் காசிம். "புல்லு வயக்காட்டுல வெளஞ்சது. அதுலதான் அந்த ஆடு இருக்கு. புல்லை மட்டும் போட்டுப் பாரும்."

வைத்தி தயங்கியதற்கு வேறு காரணமும் இருந்தது. தர்ப்பணத்துக்கு விரலில் போடும் புல்லைச் சாராயப் பானையில் போடுவதா? விசாலம்தான் முடித்துவைத்தார். "ஊறுகாய்ல போட்டா மட்டும் அதுக்குப் பெருமையா? தெரியாமப் போட்டதுக்கு வராத தோஷம் தெரிஞ்சு போட்டா வருமா? வரட்டும், அதுக்கும் வாழைத்தண்டு இருக்கு." மாட்டுங்காவில் பூசைச் சாமான் கடையில் வைத்தி கட்டுக்கட்டாகத் தர்ப்பை கேட்டபோது, அன்று அமாவாசையும் அல்ல என்பதால், கடைக்காரர் குரலைத் தணித்து, யார் தவறிட்டா என்று விசாரித்தாராம். துக்கம் கேட்டவரைக் காத்திருக்கவைக்கக் கூடாதென்று, தூரத்துச் சித்தப்பா என்று சொல்லிவிட்டு வந்தார்.

இந்தமுறை பெரிதாகவே வைத்தோம். பாட்டரி கடைகளில் ஆசிட் வரும் பெரிய கண்ணாடிக் குடுவைகள் இரண்டைப் புதிதாகவே காசிம் வாங்கிவந்தார். தர்ப்பை போட்டு இரவு திறந்துவைத்து, காலையில் எடுத்துவிட்டு, டொமினிக் வீட்டின் உள்ளறையில் இருத்தினோம். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கியது. ஈஸ்டர்வரை டொமினிக் மதுவைத் தொடமாட்டார். அவர் தொடாததை நாங்கள் தொடுவது நியாயமில்லை. ஆக, பீர் எந்த நிலையில் இருக்கிறதென்று பார்க்கக்கூடியவர், குடிக்காத காசிம் ஒருவரே. பட்டறையைப் பூட்டிவிட்டு வாரம் ஒருதடவை செம்பூருக்குப் போய் மோந்துவிட்டு, என் அலுவலகத்துக்குப் போன் செய்வார். முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு மேலே வெள்ளையாய் ஆடை படிந்திருக்கிறது என்றார். எனக்குப் பயமாக இருந்தது. உள்ளறையில் கட்டில் போனது, அலமாரி போனது, சுவரில் படங்கள் இருந்த இடங்கள் வெளுப்பாகத் தெரிந்தன. குடுவைகள் மட்டும் நடுத் தரையில் நின்றன. கடைசியில் ஒருநாள் போனில், "வே, ஆடு வந்துட்டு" என்றார். ஆடு வந்துவிட்டதா என்று நான் போட்ட சத்தத்தைக் கேட்டு, பக்கத்தில் இருந்த, தமிழ் தெரிந்த தலைமை உதவி ஆசிரியர், பக்ரீதுக்கு இவ்வளவு முன்கூட்டியா வாங்குகிறீர்கள் என்று கேட்டார்.

ஈஸ்டர் ஞாயிறு மதியம், காலியான வீட்டின் கொல்லையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டு ஆட்கள் பொரித்த மீனோடு வந்தார்கள். விசாலம் தயிர்சாதமும் மாவடுவும் கொண்டுவந்தார். டொமினிக் கிளாஸை விளிம்புவரை நிரப்பிக்கொண்டார். முதல் வாயை நாக்கில் உருட்டினார். இரண்டாவதில் தலையை ஆட்டினார். பிறகு, மாமரத்தையும் கிணற்றையும் அடுத்த வீட்டுச் சிலுவையையும் பார்த்துக்கொண்டு, அவசரப்படாமல், முழுவதும் குடித்தார். காலியான கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு, "ஆன்ட்வெர்ப்பில் இருந்தபோது இது செம்பூர் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். இங்கே குடித்தால் ஆன்ட்வெர்ப் மாதிரி இருக்கிறது" என்றார் ஹிந்தியில். விசாலமும் அரை டம்ளர் வாங்கிக் குடித்துப் பார்த்தார். மோர்க்குழம்புக்கு ஒரு கொதி குறைந்தாற்போல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, டம்ளரை மறுபடி நீட்டினார். காசிம் எலுமிச்சை சர்பத்தை உயர்த்தி எங்கள் எல்லாருடைய பெயரையும் சொன்னார்.

குடுவைகளைக் கழுவ எழுந்த வைத்தியை விசாலம் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "உறைக்கு எடுத்து வைக்காம யாராவது தயிர்ப் பாத்திரத்தைக் கழுவுவாளா?" அடிவண்டலில் ஒரு பங்கைக் காசிமின் டின்னில் எங்களுக்கென்று ஊற்றினார். மீதியில் டொமினிக்கின் வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை முக்கி, நிழலில் கொடியில் போட்டார். உலர்ந்ததும் அது அப்பளம்போல் விறைத்துப் பழுப்பாக இருந்தது. கனடாவில் வெதுவெதுப்பான பார்லிச் சாற்றில் இதைப் போட்டால் உயிர் வந்துவிடும் என்று விசாலம் சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். வருமா என்று எங்கள் யாருக்கும் தெரியாது. டொமினிக் அதைச் சட்டைகளுக்கு நடுவில் வைக்கச் சம்மதிக்கவில்லை. பெட்டி தொலைந்துபோகக் கூடும் என்றார்.

சஹார் விமான நிலையத்துக்கு நாங்கள் நால்வரும் போனோம். செம்பூரில் பிறந்தவர் பயணி, எங்கெங்கோ பிறந்த நாங்கள் வழியனுப்புகிறவர்கள். தடுப்புக்கு அப்பால் வரிசையில் நின்ற டொமினிக், நாங்கள் பார்த்து முதன்முறையாக, கோட்டு போட்டிருந்தார். புதியவர்கள் நிற்பதுபோல், முன்னால் நிற்பவர் செய்வதையெல்லாம் பார்த்துச் செய்துகொண்டிருந்தார். அந்த நிற்பு எங்களுக்குத் தெரியும். தாதர் ஸ்டேஷனில் முதல்நாள் நாங்கள் ஒவ்வொருவரும் நின்றதுதான். கதவருகே போனதும் திரும்பினார். முகத்தைத் துடைக்கக் கோட்டுப் பையில் கையை விட்டார். வந்தது அந்த விறைத்த கைக்குட்டை. கண்ணருகே கொண்டுபோனவர் நிறுத்தி, அதைப் பார்த்தார். மூக்கில் வைத்து ஒருமுறை இழுத்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று அந்தத் தூரத்திலும் தெரிந்தது. மடிப்புக் கலையாமல் அதை உள்ளே வைத்துவிட்டு, கோட்டின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவுக்குள் போனார்.